ஏறின கியர்

முப்பத்தாறு வயதில் ஹெவி லைசன் எடுத்தேன்.
மெடிக்கலில் எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள்.
ஒன்பது வருடம்
பாஸ் புத்தகத்தில் நிலுவையை மட்டும் வாசித்த கண்
கடைசி வரி வரை வாசித்தது.
"முந்தி என்ன வேல?"
"லோன் கம்பெனி. பீல்ட் ஒபிசர்."
டாக்டர் தலை நிமிர்ந்தார். சீல் குத்தினார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

டை கட்டிப் போன மனுசன்
லீக்ஸ் நாத்தத்தோடு வாறானே என்று
மாமியார் மூன்று நாள் பேசவில்லை.
வதனி மட்டும் டையை எடுத்துப் பார்த்துவிட்டு
அலுமாரிக் கதவை இழுத்துக் கட்ட வைத்துக்கொண்டாள்.
அதற்குச் சரியான நீளம்.

கந்தப்பளையில் ஏற்றி எட்டரைக்குப் புறப்பட்டால்
தம்புள்ளைச் சந்தைக்கு ரெண்டரை.
நடுவில் லபுக்கலை, ரம்பொடை,
பனி வந்து கண்ணாடியில் குந்திக்கொள்ளும் வளைவுகள்.
முதல் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க
நியூட்ரலில் விட்டேன்.
கிளீனர் டிலுக்சன், வயது பத்தொன்பது,
தின்றுகொண்டிருந்த பனிஸைப் பாதியில் வைத்தான்.
"அண்ணே, ஏறின கியர்லயே எறங்குங்க.
பிரேக்க நம்பினா சூடாயிரும்.
சூடான பிரேக்கு
மிதிச்ச எடத்துலயே கெடக்கும்."
பிறகு பனிஸை எடுத்துக்கொண்டான்.

ரெண்டாவதில் போட்டேன்.
ஆறு தொன் பின்னாலிருந்து தள்ளத் தள்ள
எஞ்சின் மாட்டேன் மாட்டேன் என்று முனகியது.

அப்படி நான் இறங்கியதே இல்லை.
செவ்வாய்தோறும் மோட்டார் சைக்கிளில்
எட்டாம் நம்பர் லயத்துக்கு ஏறுவேன்.
திரும்பும்போது எஞ்சினை அணைத்துவிடுவேன்.
பை நிறையக் காசு, காது நிறையக் காற்று.
ஐந்து பெண்கள் ஒரு குழு.
ஒருத்தி கட்டாவிட்டால்
மற்ற நால்வரும் எழுந்து போக முடியாது,
கம்பெனிச் சட்டம்.
அதை விளக்கிச் சொல்ல
எனக்கு நல்ல குரல் என்பார் மனேஜர்.

சந்தனமேரியின் கதவில் வெளியே பூட்டு.
நான் படியில் உட்கார்ந்தேன்.
கொழுந்துச் சாக்கின்மேல் நால்வர்.
அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.
பொழுது சாயும் நேரம் உள்ளே
ஒரு பிள்ளை இருமியது.
ஒரே ஒரு இருமல். பிறகு
யாரோ வாயைப் பொத்தின சத்தமின்மை.
நால்வரும் என்னைப் பார்க்கவில்லை.
நானும் பூட்டைப் பார்க்கவில்லை.

'ஆள் இல்லை' என்று எழுதினேன்.
அன்றிரவே வேலையை விட்டேன் என்று சொன்னால்
கதை நன்றாயிருக்கும்.
ராஜினாமா எழுத
அதற்குப் பிறகும் பதினொரு மாதம் எடுத்தது.

இப்போது லொறி லீசிங்கில் ஓடுகிறது.
ஏழாம் திகதி தாண்டினால் போன் வரும்.
"சேர், ஒரு சின்ன ஞாபகப்படுத்தல்..."
அந்தச் 'சின்ன' எனக்குத் தெரியும்.
எந்த மூச்சுக்குப் பிறகு குரலை இறக்குவான்,
எங்கே வைத்துப் பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பான்,
எல்லாம் தெரியும்.
பாவம், நன்றாகத்தான் செய்கிறான்.
ஓட்டிக்கொண்டிருக்கிறேன் தம்பி என்பேன்,
நிறுத்தியிருந்தாலும்.

போன கிழமை கரட் கழுவும் ஓடையில்
முழங்கால் தண்ணீரில் சந்தனமேரி.
மூட்டையை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள்.
"லொறி ஒங்களோடதா?"
"இல்ல. லீசிங்."
சிரித்தாள்.
ஈரக்கையால் வாயை மூடாமல்,
ஓடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி,
நெடுநேரம்.
டிலுக்சனுக்கு விளங்கவில்லை.
என்ன பகிடி என்று ரம்பொடை வரை கேட்டான்.

எட்டாம் நம்பர் லயம் ரோட்டுக்கு மேலே.
ஒன்பது மணிக்கு ஒரு லைட் எரியும்.
மற்ற வளைவுகளில் ஹோன் அடிப்பேன்.
அங்கே லைட்டை மட்டும் ஒருதரம் அடித்து,
தணித்து,
ரெண்டாவதில்
முனகிக்கொண்டே இறங்குகிறேன்.